விமானி இறங்கிவிட்டானா?

பூங்குழலி பொய் படித்திருக்கிறாள் என்பது சித்ராதேவிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அவர்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் ஒரு வழக்கம். நூல் பிசிறு வெட்டுகிற கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது? அதனால் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து நாவல் படிப்பாள். படிக்கிறவளுக்குக் கூலி குறையக்கூடாதே என்று மற்றவர்கள் ஆளுக்கொரு பீஸை செக் செய்து அவளுடைய கட்டோடு சேர்ப்பார்கள். ரொம்ப நாளாக அந்த ஜன்னலோரம் பூங்குழலிக்குத்தான்.

எல்லையில் படைகளைக் குவித்து வைத்திருந்த வருஷம் அது. அந்த மாதம் படித்தது ஒரு போர் விமானியின் கதை. எதிரி நாட்டுக்குள் போய்க் குண்டு போட்டுவிட்டு, இறக்கையில் தீயோடு திரும்புகிறான். செக்கிங்கே அவன்மேல் உயிரை விட்டது. கதையில் அவன் விமானத்தைச் சுட்ட அன்று ராமாயியக்கா சோற்றுப் போசியைத் திறக்கவேயில்லை. அயர்ன் மாஸ்டர் கன்னையன் ஒரு டீ சர்ட்டைக் கருக்கிவிட்டு, எழுதினவனுக்கு வீட்டில் என்ன சண்டையோ என்று திட்டினார். கடைசியில் விமானி பத்திரமாகத் தரையிறங்கிவிட்டான் என்று பூங்குழலி படித்து முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

கதையை இன்னொரு தடவை தானே படிக்கும் ஆசையில் சித்ராதேவி பழைய பஸ் ஸ்டாண்டில் அந்தப் புத்தகத்தை வாங்கினாள். புத்தகத்திலோ விமானம் நடுவானில் வெடித்து, அவன் செத்தே போனான். அழுது தீர்த்தாள். அழுகை நின்றதும் கோபம் வந்தது.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"புஸ்தகத்துல ஒண்ணு இருக்குது, நீ ஒண்ணு படிச்சிருக்கறே. நாங்கெல்லாம் கேனைங்களா?"

பூங்குழலி கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "நான் படிச்சதுதான் கதை. இன்னொருக்கா படிக்கச் சொன்னாலும் அதையேதான் படிப்பேன்."

ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். உண்மையான முடிவு என்னவென்று கேட்டதற்கு, நாளைக்குத் தானே படித்துக் காட்டுவதாகச் சித்ராதேவி சொன்னாள். அதற்கும் பூங்குழலி அசரவில்லை.

"படி. ஆனா எங்கையால ஒரு பீஸ்கூட உன்ற கட்டுல விழாது."

விழாவிட்டால் போகட்டும், நியாயம் நியாயம்தான் என்று சித்ராதேவி நினைத்துக்கொண்டாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று குரலை ஏற்றி இறக்கிப் படித்துப் பழகினாள்.

மறுநாள் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தபோது முதல் பீஸைக் கொண்டுவந்து வைத்தவர் கருத்தம்மா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், யாரிடமும் அதிகம் பேசாதவர். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பைய படி தாயி. எம்மவன் ஏர்போர்ஸ்ல, எல்லையில நிக்கான். பூங்குழலிகிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கேன். கதையில அந்தப் புள்ள பத்திரமா எறங்கிட்டான்னு கேட்ட பொறவுதான் எனக்குத் தொண்டையில சோறு எறங்குது. நீ வேற என்னமோ படிக்கப் போறேன்னு சொல்லுதாக."

சித்ராதேவி திரும்பிப் பூங்குழலியைப் பார்த்தாள். அவள் நிமிரவேயில்லை.

"ஆரம்பிங்கம்மிணி" என்றார் கன்னையன்.

படித்தாள். தீ, புகை, நின்றுபோன எஞ்சின் எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே வந்தன. கடைசிப் பக்கம் வந்தது. விமானம் வெடித்துச் சிதறியது என்று கண்முன்னால் கொட்டை எழுத்தில் இருந்தது.

"சக்கரங்கள் தரையைத் தொட்டன. கதவைத் திறந்துகொண்டு அவன் கீழே இறங்கினான்" என்று சித்ராதேவி படித்தாள்.

புத்தகத்தை மூடி மடியில் வைத்து, யாரும் எடுத்துவிடாதபடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். கருத்தம்மாவின் கத்தரிக்கோல் மறுபடி ஓட ஆரம்பித்தது. பூங்குழலி எழுந்து வந்தாள். ஒரு பீஸைச் சித்ராதேவியின் கட்டோடு சேர்த்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

ராமாயியக்கா விடவில்லை. "ஏனம்மிணி, இதையேதான அவளும் படிச்சா? அப்பறம் நேத்து எதுக்கு அந்தக் கத்துக் கத்துனே?"

அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். சித்ராதேவி தலையைக் குனியவில்லை.

"அவ படிச்சது சரிதானுங்கக்கா. நாந்தான் பொய் சொன்னேன். இந்த ஜன்னலோரத்துல அவ உக்காந்திருக்கறதப் பார்த்துப் பொறாமைங்க."

அன்றைக்கு அவள் சொன்னதில் அந்தப் பொறாமை மட்டும்தான் நிஜம்.