விரல் நீள வயர்

‘டப்’ என்றொரு சத்தம். அவ்வளவுதான்.

வீட்டைச் சூடாக்கும் பொய்லரின் சின்னத் திரையில் தெரிந்த எண்கள் அணைந்தன. மூடி கழற்றிய பெட்டிக்குள்ளிருந்து கருகல் மணம் வந்தது.

பாலேந்திரா ஸ்குறூட்றைவரும் கையுமாக நின்றார். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் அவரைப் பாலண்ணை என்று கூப்பிடாத தமிழ் வீடு கிடையாது. குசினியில் லைட் பூட்டுவதென்றாலும் அவர்தான், சாமியறைக்கு பிளக் போடுவதென்றாலும் அவர்தான். லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டால் பாலண்ணை கோபிப்பார் என்று பயப்படுகிற வீடுகளும் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, உண்மையிலேயே கோபிப்பார்.

அவருக்குப் பின்னால் தர்ஷனா நின்றாள். தோளில் குழந்தை, பிறந்து பதினெட்டு நாள்.

பிள்ளை பிறந்த துடக்கு வீடென்றும் பாராமல் அவர் வந்ததே அந்தக் குழந்தைக்காகத்தான். வீட்டுச் சூட்டைப் போனிலேயே கூட்டிக் குறைக்கலாம் என்று ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை வாங்கி வைத்துவிட்டு, அவளுடைய கணவன் லவன் பின்னேர வேலைக்குப் போய்விட்டான். பூட்ட வேண்டியவர் பாலண்ணை.

வெளியே மைனஸ் ஏழு.

“ஐயோ அண்ணை, என்ர பிழை. எல்லாம் என்ர பிழைதான்,” என்றாள் தர்ஷனா.

அவர் திரும்பிப் பார்த்தார். குசினியில் றைஸ் குக்கர் கொதித்துக்கொண்டிருந்தது. பத்தியச் சோறு. அவர் பொய்லரைப் போட்ட அதே நேரம் இவள் குக்கரைப் போட்டிருக்கிறாள், அதனால்தான் எரிந்தது என்று நினைக்கிறாள் போலும்.

“ஓம் பிள்ளை, ரெண்டையும் ஒண்டாப் போட்டால் சில நேரம் இப்பிடி நடக்கும்,” என்றார்.

சொன்ன வாய் அழுகிவிடாதா?

அவள் ஏதோ சொல்ல வந்தாள். சொல்லாமல், குழந்தைக்குத் தொப்பி எடுக்க அறைக்குள் போனாள்.

குக்கருக்கும் பொய்லருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அந்தச் சத்தம் கேட்டவுடனேயே அவருக்குத் தெரியும். போன மாதம் பிரெடெரிசியாவில் ஒரு வீட்டில் இதே தெர்மோஸ்டாட் பெட்டியைப் பூட்டியிருந்தார். அங்கே வயர் முடுக்கும் இரண்டு ஆணிக்கும் குறுக்கே விரல் நீளத்தில் ஒரு வயர் போட்டால்தான் பொய்லர் வேலை செய்தது. அந்தக் கைப்பழக்கத்தில் இங்கேயும் போட்டார். இது வேறு மாதிரிப் பொய்லர். மின்சாரம் போகக் கூடாத இடத்துக்குள் வீட்டு மின்சாரம் முழுதாகப் பாய்ந்துவிட்டது.

பெட்டியோடு வரும் விளக்கக் கடதாசியைப் பார்த்து வேலை செய்கிறவன் வேலை தெரியாதவன் என்பது அவருடைய கொள்கை.

அவள் வருவதற்குள் அந்த வயரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். 

பொய்லர் திருத்துகிற கொம்பனிக்குப் போன் அடித்தார். நாளை மத்தியானம்தான் ஆள் வருமாம்.

ஹீட்டர்கள் மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தன. தர்ஷனா ஒரு தொப்பிக்கு மேல் இன்னொரு தொப்பி போட்டாள். குழந்தை தும்மியது. பிறகு வீரிட்டு அழுதது. 

யானைக்கும் அடி சறுக்கும் பிள்ளை, என்று சிரித்துச் சமாளித்திருக்கலாம். அரை நிமிட வேலை. இருபத்தெட்டு வருடம் ஒருவரும் அவரை விரல் நீட்டிக் குறை சொன்னதில்லை. அதுதான் வாயை அடைத்தது.

ஆனால் இரவு லவன் வருவான். இந்த நேரத்தில் உனக்கு என்ன குக்கர் வேண்டிக்கிடக்கிறது என்று பச்சை உடம்புக்காரியை ஏசுவான். இவளும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நிற்பாள்.

சீ, நானும் ஒரு மனிசனா?

“பிள்ளை, இதைக் கேள். குக்கரில ஒரு பிழையும் இல்லை.” “நான்தான்…”

“தெரியும் அண்ணை.”

அவள் குழந்தையின் முதுகைத் தட்டியபடி, அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“குக்கரெண்டு நான் சொல்லேல்லையே. நீங்கள் அந்தத் துண்டு வயரைப் பூட்டேக்க, கடதாசி என்ர கையிலதான் இருந்தது. இந்தப் பொய்லருக்கு அதைப் போடக் கூடாதெண்டு டெனிஷில எழுதிக் கிடந்தது. வாசிச்சனான் அண்ணை. உங்களுக்கு நான் எப்பிடிச் சொல்லுறதெண்டு பேசாமல் நிண்டுட்டன்.”

பாலேந்திரா சட்டைப் பைக்குள் கிடந்த வயரை எடுத்து, கழற்றிய மூடியின் மேல் வைத்தார்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை,” என்று சொல்லி அவள் அழத் தொடங்கினாள்.