தங்கையின் ரேகை

மாடம்பாக்கத்தில் அப்பா விட்டுப்போன வீட்டை விற்பதற்கு முன் தங்கை புஷ்பமும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பம்மலில் இருக்கும் அவளிடம் போனால் பங்கு கேட்பாள். அதனால் ஐசக் தன் மனைவி ஜான்சியையே புஷ்பம் என்று சொல்லிப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்.

ரேகை பொருந்தாவிட்டால், பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோச்சு என்று சமாளிக்கலாம் என்று வீட்டு புரோக்கர் தைரியம் கொடுத்திருந்தார். ஜான்சி விரலை ஆதார் ரேகை மெஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் புஷ்பத்தின் படம் வந்தது. எழுத்தர் படத்தையும் ஜான்சியையும் பார்த்துத் தலையாட்டினார்.

“ஓகேம்மா, கையெழுத்துப் போடுங்க.”

அவள் இடது கையால் பேனாவை வாங்கினாள். குடும்பத்தில் இடது கைப் பழக்கம் புஷ்பத்துக்கு மட்டும்தான்.

பங்கை விட்டுக்கொடுக்கும் தங்கைக்கு அண்ணன் புடவை எடுத்துக் கொடுப்பது வழக்கம். வக்கீல் நம்புவதற்காக ஐசக்கும் ஒன்று வாங்கியிருந்தார், ஜான்சிக்குப் பிடித்த நிறத்தில்.

காரில் ஏறியதும் அவள் அந்தப் புடவையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இதை ஜான்சி அண்ணிக்கே கொடுத்துடுண்ணா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வந்து போட்டிருப்பேனே. என்னைப் பம்மல்ல இறக்கி விட்டுடு.”

ஐசக்கால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பம்மலில் அவள் இறங்கிப் புஷ்பத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“வந்துட்டியா புஷ்பம்?” என்று உள்ளிருந்து தங்கை புருஷனின் குரல் கேட்டது. கதவு திறந்து மூடியது.

ஐசக் புடவையை மடியில் வைத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தார்.