வழி தவறியவர்

மைத்துனி வீட்டு விருந்து காலையில் ரத்தானது. மனைவி மறுபடி தூங்கிப்போனாள். இளவேனிற்காலத்தை வீணாக்குவானேன் என்று அவர் தன்னந்தனியாக மலையேறினார். பூக்களைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் பாதை போன திசையே தெரியவில்லை.

அடிவாரத்து மீட்பு அலுவலகத்துக்குப் போன் செய்து, குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "வழி தவறிட்டேன் சார்."

"பேரு?"

"பேரெல்லாம் எதுக்குங்க? மானம் போயிடும்."

"பயப்படாதீங்க. எங்க கைடு ஒருத்தர் இருக்காரு. கண்ணைக் கட்டி விட்டாலும் இந்த மலையில வழி தவற மாட்டாரு. இன்னைக்கு லீவுதான், இருந்தாலும் அனுப்பறேன். அசையாம நில்லுங்க."

மறு நிமிடமே அவருடைய பைக்குள், கைடு வேலைக்காக அலுவலகம் கொடுத்திருந்த இன்னொரு போன் அலறியது.

எடுத்துக் கம்பீரமாகச் சொன்னார்: "கவலையை விடுங்க சார், ஆளைப் பத்திரமாக் கூட்டிட்டு வந்துடறேன். என்ன, கொஞ்சம் நேரமாகும்."