வித்தியாசம் தெரியும்வரை

சுவரில் பதித்திருந்த, ஆளை எழுப்பும் சங்கு அலறியது. விடியற்காலை மணி ஐந்து. இரவுப் பணி முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்த நர்ஸ் மதிவதனி, எழுந்து போய் அதன் வாயில் போர்வையைத் திணித்தாள்.

அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகளுக்குத்தான் சங்கு. எந்தப் பாதியில் அதிகம் பேர் நேரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று நிர்வாகம் மாதக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இந்தக் கூத்து எப்ப முடியும்?" என்று, நிர்வாகத்தின் குரலாகப் பேசும் சுவரைக் கேட்டாள்.

"சங்குள்ள வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர். இல்லாத வீடுகளில் தொண்ணூறு. இது தற்செயலாகவும் இருக்கலாம். உறுதியாகும்வரை சோதனை தொடரும்," என்றது சுவர்.

"ரெண்டும் ஒண்ணுதானே? நிறுத்தித் தொலையேன்."

"வித்தியாசம் தெரியவில்லை என்றால், வித்தியாசமே இல்லை என்று ஆகிவிடாது."

பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். தூக்கம் சேர்ந்து, வெயிலும் ஏறிய நேரத்தில் கதவு படபடவென்று தட்டப்பட்டது. சங்கில்லாத எதிர்வீட்டுத் தமயந்தி, தலைகூட வாராமல் நின்றிருந்தாள்.

"சங்கை எதையாவது வச்சு மூடிட்டீங்களாக்கா? சத்தமே கேக்கல. எங்க வரிசைக்குக் கேக்கறது உங்க சங்கு ஒண்ணுதான், அதை வச்சுத்தான் தினமும் எந்திரிக்கிறோம். இன்னைக்கு எல்லாருமே லேட்டு."