எழுப்பச் சொன்னவன்

தேத்தண்ணீர்க் கோப்பையோடு அறை வாசலில் வந்து நின்ற அதிபர் இரத்தினசிங்கம், கூப்பிட வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார்.

கட்டிலில் யோகலிங்கம் கிடந்தான். சித்திரைப் புழுக்கத்தில் திருகோணமலையே வெந்துகொண்டிருக்க, அவன் கழுத்துவரை போர்த்தியிருந்தான். இரவெல்லாம் படித்த அலுப்பு என்று அதிபர் நினைத்தார்.

"காலமை நீங்கள்தான் என்னை எழுப்ப வேணும், மாமா" என்று படுக்கப் போகும்போது சொல்லியிருந்தான். இன்றைக்குக் கடைசிப் பாடம், இரசாயனம்.

மனைவி புஸ்பராணி வீட்டில் இல்லை. தன் அண்ணன் மகனான இவன் பேரில் அர்ச்சனை செய்ய விடியவே காளி கோயிலுக்குப் போய்விட்டாள்.

தெருமுனைப் பாடசாலைதான் பரீட்சை மண்டபம். அங்கிருந்து முதல் மணி கேட்டது. பிள்ளைகள் உள்ளே போகிற மணி.

'தம்பி' என்று ஒரு சொல் போதும், எழும்பிவிடுவான்.

அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. கண்ணுக்குள் ஸல்ஹா நின்றாள்.

மூதூர் ஆதம்பாவாவின் மகள். அவளுடைய ஊர்ப் பள்ளியில் விஞ்ஞான வகுப்பு இல்லை. அதிபர்தான் லோஞ்சுப் படகு ஏறிப் போய், பிள்ளையைத் தன் பாடசாலைக்கு அனுப்பும்படி கேட்டார்.

"அனுப்பலாம் சேர். படிச்சாலும் எங்கட புள்ளைக்கு ஆரு இடம் விடப்போறாங்க?" என்றார் ஆதம்பாவா. அது தன் பொறுப்பு என்று அதிபர் அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தார்.

பல்கலைக்கழகத்துக்கு மாவட்டக் கணக்குப் பார்த்துப் பிள்ளைகளை எடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பின்தங்கிய மாவட்டம் என்று திருகோணமலைக்கும் சில இடங்கள் வந்தன. அந்தச் செய்தியின் சூடு ஆறுமுன் யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளும் வந்தார்கள். இங்கே ஒரு விலாசம், இங்கே ஒரு பள்ளிக்கூடம், பிறகு இந்த மாவட்டத்துப் பிள்ளை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அங்கே அதே புள்ளிக்குக் கதவு பூட்டியிருந்தது.

அதிபர் பெற்றோர் கூட்டங்களில் முழங்கினார். எங்கள் பிள்ளைகளின் சோற்றில் கை வைக்க விடேன் என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வாசலுக்கு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்.

புஸ்பராணியின் அண்ணன் தன் மகனோடு யாழ்ப்பாண பஸ்சால் இறங்கும்வரைதான் அந்த வீரம். ஊருக்குத்தான் அவர் அதிபர். புஸ்பராணி மூக்கை உறிஞ்சினால் அவரும் ஒரு மச்சான், அவ்வளவுதான்.

யோகலிங்கம் கெட்டிக்காரன், வாய் பேசாதவன். வந்தான் வரத்தான் என்று வகுப்புப் பிள்ளைகள் நக்கலாக நெளித்தபோதும் தலையைக் குனிந்துகொண்டு போனான். மாமாவின் கூட்டங்களில் கடைசி வாங்கில் இருந்து எல்லாவற்றையும் கேட்டான்.

வைத்தியப் படிப்புக்கு இந்த முறை பள்ளியிலிருந்து ஒருவர்தான் போவார் என்று வாத்திமார் எல்லோரும் சொன்னார்கள். யோகலிங்கம், அவன் தவறினால் ஸல்ஹா. ஒரே கதிரையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு முழித்தார் அதிபர்.

இரண்டாவது மணி கேட்டது. வினாத்தாள் கொடுக்கிறார்கள்.

இது களவில்லை, நீதி என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கோப்பை தட்டில் கிணுகிணுத்தது. அந்தச் சத்தத்தில் அவன் எழும்பிவிடுவானோ என்று பயந்து, மற்றக் கையால் கோப்பையை அமத்திப் பிடித்தார்.

அப்படியே நின்றார். ஓட்டில் காகம் நடந்தது. துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது.

மூன்றாவது மணி. இனி யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

பின்னாளில் ஸல்ஹா டாக்குத்தராக மூதூருக்குத் திரும்பினாள். சேர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று ஆதம்பாவா சந்தையில் நின்று பத்துப் பேருக்குச் சொன்னார். இறங்குதுறையில் அதிபரைக் கண்டால் சனம் எழும்பி வழிவிட்டது. அந்த நேரமெல்லாம் அவர் காதில் அந்தக் கோப்பை கிணுகிணுத்தது.

அதெல்லாம் பிறகு. இப்போது நடிக்க வேண்டியிருந்தது.

"ஐயோ தம்பி, நேரம் போட்டுதடா! எழும்பு!" என்று கத்தினார். மேடைப் பழக்கம் கைகொடுத்தது.

யோகலிங்கம் கண்ணைத் திறந்தான். அந்தக் கண்ணில் நித்திரை இல்லை.

போர்வையை விலக்கினான். மினுக்கிய வெள்ளைச் சட்டை. நீளக் காற்சட்டை. எண்ணெய் வைத்து வாரிய தலை. சட்டைப் பையில் பேனையும் பரீட்சை அனுமதி அட்டையும். காலில் சப்பாத்து, நாடா கட்டியபடி.

"கூப்பிட்டாப் போவம் எண்டு கிடந்தனான், மாமா" என்றான். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் அதிபர் பிழைத்திருப்பார்.

படலை திறந்தது. அர்ச்சனைத் தட்டோடு புஸ்பராணி உள்ளே வந்தாள். உடுத்தபடி நின்ற பிள்ளையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

யோகலிங்கம் மாமாவின் கையிலிருந்த கோப்பையை வாங்கினான். ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"தலைச்சுத்து, மாமி. மாமா எத்தினையோ தரம் எழுப்பிப் பாத்தவர். என்னாலதான் ஏலாமல் போச்சு."