சாட்சிக் கையெழுத்து

"வேற யாரையாவது கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை மேஜையின் அந்தப் பக்கமே தள்ளிவிட்டார் சபைச் செயலாளர்.

லிஃப்ட் மெக்கானிக்கின் முகம் விழுந்துவிட்டது.

மறுநாள் காலை ஆராதனையில் அவருக்கு ஞானஸ்நானம். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எடுக்கிறவருக்கு, ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்த ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது, தொட்டித் தண்ணீரில் கூடவே இறங்கிக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டும்.

"வேற யாரையும் எனக்கு அவ்வளவா பழக்கமில்லைங்கய்யா."

"இவ்வளவு பெரிய சபையில ஆளா இல்ல? பாடகர் குழுவுல கேட்டுப் பாருங்க."

"முதல் நாள் கிரீஸ் கையோட வாசல்லயே தயங்கி நின்னேன். உள்ள வாங்கன்னு கூப்பிட்டது நீங்க. பக்கத்துல உட்காரவெச்சு, வேதாகமத்துல பக்கம் எடுத்துக் கொடுத்ததும் நீங்கதான்."

"அது எல்லாருக்கும் செய்றதுதான்."

"எனக்கு யாரும் செஞ்சதில்லைங்க."

செயலாளர் பதிவேட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஆள் கறார் பேர்வழி. ஒரு தேதி தப்பினாலும் போதகரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். ஞானஸ்நானம் எடுத்த அத்தனை பேரையும் பல வருஷமாக அந்தப் பதிவேட்டில் எழுதிவருவது அவர்தான்.

மூலையில் வெள்ளை அங்கிகளை மடித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அவர் கேக்கறதுல என்னங்க தப்பு?"

"உனக்குத் தெரியாது. நீ மடிக்கிற வேலையைப் பாரு."

மெக்கானிக் படிவத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் விடுதியில வளர்ந்தவன்யா. அப்பா அம்மா யாருன்னு தெரியாது. ஸ்கூல் படிவம், வேலைக்குச் சேர்ந்த படிவம், எதுலயும் எனக்காகக் கையெழுத்துப் போட ஆள் கிடையாது. அந்தக் கட்டத்துல விடுதி முத்திரையைக் குத்திக் கொடுத்துடுவாங்க. இந்த ஒண்ணுலயாவது ஒரு மனுஷன் பேரு இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

செயலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். திரும்ப மூடினார்.

"ஞானஸ்நானம் கையெழுத்துக்காக எடுக்கறதில்லப்பா."

"தெரியும்யா. முன்னெல்லாம் லிஃப்ட் நகர்ந்தா போதும், பையை மாட்டிட்டுக் கிளம்பிடுவேன். இப்ப ரிப்பேர் முடிஞ்சதும் நானே ஏறி உச்சி மாடி வரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வந்துதான் கிளம்புறேன். யாரும் செக் பண்றதில்ல. ஆனா நான் மேல இருக்கறவரோட பிள்ளைன்னு இப்ப தெரியுதில்ல. அரைகுறையா விட்டுட்டுப் போக மனசு வரல."

செயலாளரின் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நேரமாச்சு" என்று எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போய்விட்டார்.

வீடு வரைக்கும் மனைவி விடவில்லை.

"பாவம், மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டீங்க. ஒரு மெக்கானிக்கோட தண்ணில நின்னா உங்க பதவி கரைஞ்சு போயிடுமா?"

வழக்கமாக அவள் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. வீம்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காலையில் ஆராதனைக்கு முன்பே சபை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. பாடகர் குழுவுக்குத் தெரிந்தால் அப்புறம் ஒலிபெருக்கி எதற்கு?

"பெரிய மனுஷராம். கை கொடுக்க மாட்டாராம்."

"பைபிளை மட்டும் கரைச்சுக் குடிச்சிருக்காரு."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செயலாளருக்கு அதெல்லாம் கேட்கத்தான் செய்தது. குனிந்த தலை நிமிரவில்லை.

வெள்ளை அங்கியில் மெக்கானிக் தொட்டிக்குள் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சாட்சிக் கட்டம் இன்னும் காலியாக இருந்த படிவத்தைப் போதகர் பார்த்தார்.

"இவருக்குச் சாட்சி யாரு?"

யாரும் எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை பேர் நடுவில் ஒரு மனுஷன் அப்படித் தனியாக நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

செயலாளர் எழுந்தார்.

அவருடைய மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'அப்பாடா, மனசு இளகிட்டாரு' என்று பக்கத்திலிருந்தவளின் கையை அழுத்தினாள்.

தொட்டியின் விளிம்பு வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். தண்ணீரில் கால் வைக்கவில்லை.

"பாஸ்டர், இவருக்கு நீங்களே சாட்சியா நின்னுடுங்க. நான் நிக்க முடியாது."

சபை முணுமுணுத்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மெக்கானிக் மட்டும் வருத்தத்தைக் காட்டாமல், "பரவாயில்லைங்கய்யா" என்றார்.

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க தம்பி." செயலாளர் தலையை நிமிர்த்தினார். "கல்யாணம் ஆகாத வயசுல இந்தச் சபைக்கு வந்தேன். 'ஞானஸ்நானம் எடுத்தாச்சுதானே'ன்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு ஆமான்னு தலையாட்டிட்டேன். முப்பது வருஷமா ஊரு பேரையெல்லாம் எழுதறேன், என் பேரு அந்தப் பதிவேட்டுல கிடையாது."

செயலாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவி பக்கம் நீட்டிவிட்டு, மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நீங்க முழுகி எழுந்ததும் வெளிய ஏறிடாதீங்க தம்பி, அடுத்து எனக்குச் சாட்சி நீங்கதான்."