இல்லாத கோபுரம்

எங்கள் கடற்கரை ஊரின் வரலாற்றை எழுநூறு பக்கங்களில் எழுதிய பேராசிரியர் தஸ்நேவிஸ், வெளியீட்டு விழாவில் மூன்று பொன்னாடைகளுக்கு உள்ளிருந்து அறிவித்தார்: "கடல் கொண்டுபோனதாகச் சொல்லும் பழைய கோயில் கோபுரம் என்றுமே இருந்ததில்லை." கைதட்டினோம். கரையிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்தான். ஆனால் கடலிலிருந்து அந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் இன்றும் கரை பிடிக்கிறார்கள். படித்தவரிடம் இதை யார் சொல்வது? ஏழாவது வாழ்த்துரையின்போது, மீன்பிடிக்கப் போன வள்ளங்கள் தாறுமாறாக வந்து ஒதுங்கின. "கோபுரத்தக் காணலயே, என்னவே செஞ்சீங்க?" என்றார்கள் இறங்கியவர்கள். ஒரு வள்ளம் மட்டும் வரவில்லை. அதில் போனவனின் மனைவி செலஸ்டினா மேடையேறினாள். "சார், அந்தப் பக்கத்தக் கிழிச்சிருங்க. எங்க வீட்டாளு இன்னும் கரை சேரல." பேராசிரியர் சிரிக்கவில்லை. ஆனால் எழுநூறு பக்கங்களில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது.